பிள்ளை மருந்தைத் துப்பினால் என்ன செய்வது?



உங்கள் குழுவின் உள்கடன் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். கடன் வாங்கிய காரணம் எழுதும் கட்டத்தில் வலை, ஆடு, வீட்டுக் கூரை, பள்ளிக்கூட ஃபீஸ் என்று இருக்கும். நடுநடுவே "பிள்ளைக்கு வைத்தியம்" என்று ஒரு வரி வந்துகொண்டே இருக்கும். ஐந்நூறு, ஆயிரம் என்று வட்டிக்கு எடுத்துத்தான் டாக்டர் ஃபீஸ் கட்டுகிறோம், மருந்து வாங்குகிறோம். அப்படி வாங்கி வந்த மருந்தில் பிள்ளையின் வயிற்றுக்குள் எவ்வளவு போகிறது, சட்டையிலும் பாயிலும் எவ்வளவு போகிறது என்று யாரும் கணக்கு எழுதுவதில்லை. இந்த மாதப் பாடம் அந்தக் கணக்கைப் பற்றியது.

கூட்டத்தில் இதைப் பேச ஆரம்பித்தாலே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். "எங்க வீட்டுச் சின்னவன் பாட்டிலைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில போயிருவான்." "எம் பிள்ளை வாயிலேயே வச்சிருந்து, நான் அந்தப் பக்கம் திரும்புன உடனே துப்பிருவா." "மூணு நாளு குடுத்தேன், அதுக்கு மேல மல்லுக்கட்ட முடியல. காய்ச்சல்தான் விட்டுப் போச்சேன்னு நிறுத்திட்டேன்."

மூன்றாவதாகச் சொன்னாரே, அதில்தான் நஷ்டம் அதிகம். காய்ச்சல் விடுவது வேறு, கிருமி சாவது வேறு. ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்த கிருமி மருந்தை மூன்றாம் நாளே நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி திரும்பக் கிளம்பும். அடுத்த தடவை அதே மருந்துக்கு அது கட்டுப்படாமலும் போகலாம். பிறகு இன்னும் விலை கூடிய மருந்து, இன்னொரு கடன். பிள்ளைக்குப் பிடிக்காத ருசி ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

அடம் இல்லை, நாக்கு

பிள்ளை துப்பினால் நம் வாயில் முதலில் வருவது "என்னா அடம்!" என்பதுதான். முதுகில் ஒன்று வைக்கிறவர்களும் உண்டு. ஆனால் அது அடம் இல்லை. மனிதரின் நாக்கில் கசப்பைக் கண்டுபிடிக்க மட்டும் சுமார் 25 வகை உணர்விகள் இருக்கின்றன. இனிப்புக்கு முக்கியமானது ஒரே வகைதான். கசப்புக்கு ஏன் இத்தனை காவல்? காட்டிலும் மேட்டிலும் இருக்கும் விஷக் காய், விஷ இலை பலதும் கசக்கும். கசந்தால் துப்பு என்பது உயிரைக் காப்பாற்ற இயற்கை கொடுத்த புத்தி. தாய்ப்பால் இனிக்கும், அதனால் இனிப்பு என்றால் நல்லது என்று பிறந்த குழந்தைக்கே தெரியும். நாக்கில் கசப்பு பட்டால் அது முகத்தைச் சுளிக்கும், நாக்கை வெளியே தள்ளும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதோடு, கசப்பு நமக்குத் தெரிவதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகத் தெரியும். நாம் ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டு "இதுல என்ன கசப்பு இருக்கு, நல்லாத்தானே இருக்கு" என்கிறோம். நம் நாக்கு வேறு, அதன் நாக்கு வேறு. பாவக்காயை நாமே எத்தனை வயதுக்குப் பிறகு சாப்பிடப் பழகினோம் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, பிள்ளைக்கு ஞாபகம் அதிகம். ஒரு தடவை மருந்து குடித்து வாந்தி எடுத்துவிட்டால் அடுத்த தடவை அந்த பாட்டிலின் நிறத்தைப் பார்த்தாலே குமட்டும். அதனால் முதல் வேளை மருந்தை எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் மற்ற நாட்களின் பாடு இருக்கிறது. முதல் வேளையிலேயே கையைக் காலைக் கட்டிப்பிடித்து ஊற்றினால் மீதி நாளெல்லாம் சண்டைதான்.

ருசி மட்டும் இல்லை, பதமும்

சில மருந்து இனிப்பாகவே இருக்கும், ஆனாலும் பிள்ளை துப்பும். கவனித்துப் பார்த்தால் அதில் நறநறவென்று மணல் மாதிரி ஏதோ இருக்கும். அல்லது பசை மாதிரி கெட்டியாக அண்ணத்தில் ஒட்டும். அல்லது எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். அங்கன்வாடியில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கும் வைட்டமின் ஏ திரவம் இந்த எண்ணெய் வகை. சோற்றில் ஒரு கல் கடிபட்டால் நாமே முழு வாயையும் துப்பிவிடுகிறோம். பிள்ளையும் அதைத்தான் செய்கிறது.

நம் முன்னோருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. சித்த மருத்துவத்தில் ஒரே சரக்கைப் பல பதத்தில் செய்வார்கள். இடித்துச் சலித்தால் சூரணம். அது காய்ந்த பொடி, தொண்டையில் அடைக்கும். அதையே பாகும் நெய்யும் சேர்த்துக் கிண்டினால் லேகியம், வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஆடாதோடை இலை கடுங்கசப்பு. அதன் சாற்றைச் சர்க்கரைப் பாகில் காய்ச்சி எடுத்தால் ஆடாதோடை மணப்பாகு, இருமலுக்கான மருந்து. மருந்தை எதோடு சேர்த்துக் கொடுப்பது என்பதற்கே 'அனுபானம்' என்று தனிப் பெயர் வைத்தார்கள். தேன், நெய், பால், வெற்றிலைச் சாறு என்று மருந்துக்குத் தக்கபடி அது மாறும். நம் ஆச்சிமார் சுக்கும் மிளகும் இடித்துக் கருப்பட்டியில் உருட்டிக் கொடுத்ததும் இதே அறிவுதான். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. நம் வீட்டில் அதற்கு மருந்து இறக்கும் வேலை எத்தனையோ காலமாக இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அனுபானம் உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். டெங்கு சீசனில் நிலவேம்புக் குடிநீர் குடிக்க வைக்க முயன்ற அம்மாமார்களுக்கு இது தெரியும். எவ்வளவு கருப்பட்டி போட்டாலும் அந்தக் கசப்பு அடங்காது. காய்ச்சல் கண்ட பிள்ளையோடு அதற்காகப் போராடி நேரத்தைப் போக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய் இரத்தம் பரிசோதிப்பதுதான் முதல் வேலை.

பொடி மருந்தும் கோடும்

இங்கிலீஷ் மருந்துக்கு வருவோம். இதை மட்டும் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள், குழுவில் இரண்டு தடவை வாசித்தாலும் நல்லது.

பிள்ளைகளுக்கு எழுதும் கிருமி மருந்துகளில் பல, பாட்டிலில் பொடியாகத்தான் வரும். கடைக்காரர் 'ட்ரை சிரப்' என்பார். வீட்டில் நாம்தான் தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டும். பாட்டிலின் மேல் ஒரு கோடோ அம்புக்குறியோ இருக்கும். முதலில் பாட்டிலைத் தட்டி, அடியில் கட்டியாகிக் கிடக்கும் பொடியை உதிர்க்க வேண்டும். காய்ச்சி நன்றாக ஆறவைத்த தண்ணீரைப் பாதி அளவுக்கு ஊற்றி, மூடிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கும் வரை வைத்திருந்து, பிறகு கோடு வரை ஊற்றி மறுபடி குலுக்க வேண்டும். சில கம்பெனிகள் தண்ணீரையும் சின்னக் குப்பியில் கூடவே வைத்திருக்கும். அப்படி இருந்தால் அதையே முழுவதும் ஊற்றலாம்.

இதில் எங்கே தவறுகிறது? கோட்டுக்கு மேலே ஊற்றினால் மருந்து நீர்த்துப் போகும். கோட்டுக்குக் கீழே நின்றால் அழுத்தமாகும், கசப்பும் கூடும். சுடுதண்ணீர் ஊற்றினால் மருந்தே கெட்டுப் போகலாம்.

அதைவிடப் பெரிய விஷயம் குலுக்குவது. இந்த மருந்து தண்ணீரில் உப்பு மாதிரி கரைந்துவிடுவதில்லை. துகளாகவே மிதக்கும், வைத்த இடத்தில் மெல்ல அடியில் படியும். மாவு கரைத்து வைத்தால் படிகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்காமல் மேலாக ஊற்றினால் முதல் இரண்டு நாளும் பிள்ளை குடிப்பது இனிப்புத் தண்ணீர். கடைசி இரண்டு நாளும் குடிப்பது அடி மண்டி. அது கசக்கும், நறநறக்கும், அளவும் கூடிவிடும். "முதல்ல நல்லாத்தான் குடிச்சான், போகப் போக மாட்டேங்குறான்" என்று ஒரு அம்மா சொன்னால் நாங்கள் முதலில் கேட்பது, "குலுக்குனீங்களா அக்கா?" என்றுதான். பிள்ளையின் நாக்கு சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது.

கலக்கிய மருந்தை எத்தனை நாள் வைக்கலாம் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும். பலதுக்கு 7 நாள்தான் கெடு. போன மாதம் அண்ணனுக்குக் கலக்கியதில் மிச்சம் இருக்கிறது என்று தம்பிக்குக் கொடுக்கக் கூடாது. சில மருந்தை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை என்றால் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். "தண்ணியில கரையுற மாத்திரையா எழுத முடியுமா சார்?" என்று கேளுங்கள். பல மருந்துகளுக்கு இப்போது அப்படி மாத்திரை வந்துவிட்டது. ஒரு ஸ்பூன் தண்ணீரில் போட்டால் தானே கரையும். கெட்டுப் போகும் பயம் இல்லை, ஒவ்வொரு வேளைக்கும் அளவு தனியாக இருக்கும்.

பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. மாத்திரைக்கு மேலே வழுவழுப்பாக ஒரு பூச்சு இருக்கும். உள்ளே இருக்கும் கசப்பை மறைக்கவோ, வயிற்றில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரையவோ அந்தப் பூச்சைப் போட்டிருப்பார்கள். உடைத்தால் இரண்டும் போச்சு. டாக்டரோ மருந்தாளுநரோ சொல்லாமல் எந்த மாத்திரையையும் இடிக்கவோ உடைக்கவோ வேண்டாம்.

சங்கும் மூக்கும்

இனிச் சொல்லப்போவது சில வீடுகளில் மாமியாருக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நம்முடையது சங்கு குளிக்கிற ஊர். பாலாடைக்கும் நாம் சங்கு என்றுதான் சொல்கிறோம். குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டு, கால் இரண்டையும் இடுக்கிக்கொண்டு, மூக்கைப் பிடித்து, வாய் திறந்ததும் சங்கால் ஊற்றுவது பல வீடுகளில் பழக்கம். விளக்கெண்ணெய், உரை மருந்து, இப்போது சிரப் எல்லாமே இப்படித்தான் போகிறது. உரை மருந்தில் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் என்று என்னென்னவோ உரைப்பார்கள்.

மூக்கைப் பிடித்தால் பிள்ளை வாயைத் திறப்பது மருந்து குடிக்க இல்லை, மூச்சு வாங்க. மூச்சு வாங்கும் நேரத்தில் ஊற்றினால் அது வயிற்றுக்குப் போகுமா, நெஞ்சுக்குப் போகுமா? எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் சளி மாதிரி இருமித் துப்ப முடியாது. அங்கேயே தங்கி ஒருவகை நிமோனியாவாகும். இப்படி எண்ணெய் ஏறிய குழந்தைகளைப் பற்றித் தமிழ்நாட்டு டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள். இருமலும் மூச்சிரைப்பும் வாரக்கணக்கில் போகாது, எந்த சிரப்புக்கும் கேட்காது.

அதனால் மூன்று விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கச் சொல்கிறோம். அழுகிற பிள்ளைக்கு ஊற்றக் கூடாது. மல்லாக்கப் படுத்த பிள்ளைக்கு ஊற்றக் கூடாது. மூக்கைத் தொடவே கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலும் டாக்டர் எழுதிய மருந்தும் தவிர வேறு எதுவும் வேண்டாம். ஒரு வயது ஆகும் வரை தேனும் வேண்டாம். சுத்தமான தேனாக இருந்தாலும் அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தைக்கு ஆகாது. பெரியவர்களுக்கு அது ஒன்றும் செய்யாததால் நம்ப மாட்டார்கள். பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஆச்சியை ஒதுக்கிவைத்துப் பேசுவதில் பிரயோசனமும் இல்லை. விடியும் முன்னே உப்பளத்துக்குப் போகிற, மீன் ஏலத்துக்குப் போகிற வீட்டில் காலை மருந்து கொடுக்கப்போவது ஆச்சிதான். அளவையும் நேரத்தையும் அவருக்குத்தான் முதலில் காட்டிக் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் சுவர்க் காலண்டரில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். "நீ குடுத்தியா, நான் குடுத்தேனா" என்ற குழப்பத்தில் இரண்டு தடவை போவதும் ஒரு தடவையும் போகாததும் இதனால் குறையும்.

எப்படிக் கொடுத்தால் உள்ளே போகும்

பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சு மருந்துக் கடையில் கிடைக்கும், விலை அதிகம் இல்லை. அதில் அளந்து எடுத்து, வாயின் ஓரமாகக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்தது. நாக்கின் நடுவில் விட்டால் ருசி முழுவதும் தெரியும், பிள்ளை நாக்காலேயே தள்ளிவிடும். தொண்டைக்குள் நேராகப் பீய்ச்சினால் புரையேறும். கன்னம்தான் வாகான இடம்.

கொடுப்பதற்கு முன் ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர் குடிக்க வைத்தால் நாக்கு கொஞ்சம் மரத்து, கசப்பு குறைவாகத் தெரியும். கொடுத்த பிறகு உடனே தண்ணீர். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் ஒரு துளி கருப்பட்டிப் பாகோ நசுக்கிய வாழைப்பழமோ கொடுக்கலாம்.

மருந்தை எதிலாவது கலந்து கொடுக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கலக்கலாம், ஒரு ஸ்பூன் அளவில் மட்டும். முழு டம்ளர் பாலில் கலந்தால் பிள்ளை பாதிப் பாலோடு நிறுத்திவிடும். எவ்வளவு மருந்து போனது என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தினமும் சாப்பிடும் சோற்றிலோ இட்லியிலோ கலக்காதீர்கள். ஒரு தடவை கசந்தால் பிறகு அந்தச் சோற்றையே தொட மாட்டான், மருந்தும் போய்ச் சாப்பாடும் போய்விடும். சில மருந்து பாலோடு சேர்ந்தால் உடம்பில் ஒட்டாது. அதனால் "இதை எதுல கலக்கலாம்?" என்று மருந்து வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அளவுக்கு வீட்டு ஸ்பூன் வேண்டாம். நம் வீட்டில் உள்ள ஸ்பூன்களை வரிசையாக வைத்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாது. பாட்டிலோடு வரும் அளவு மூடியையோ சிரிஞ்சையோ மட்டும் பயன்படுத்துங்கள். மூடியைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்க்காமல், தரையில் வைத்து, கண்ணை அதன் மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள்.

கொடுத்ததும் வாந்தி எடுத்துவிட்டால் பதற்றத்தில் உடனே அடுத்த அளவை ஊற்ற வேண்டாம். செவிலியர் அக்காவுக்கு ஒரு போன் போடுங்கள், அல்லது 104-ஐக் கூப்பிட்டுக் கேளுங்கள். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் பல மருந்துகளை மறுபடி கொடுக்கச் சொல்வார்கள், எல்லாவற்றையும் இல்லை.

பெரிய பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள். "கசக்காது" என்று சொல்லிக் கசந்தால் அடுத்த தடவை உங்களை நம்பாது. "கசக்கும்யா, ஒரே மடக்கு, பொறவு தண்ணி" என்றால் நாலு வயதுப் பிள்ளைக்கே புரிகிறது.

அங்கன்வாடியில் கிடைப்பவை

காசு கொடுக்காமல் கிடைப்பதால் இவற்றுக்கு மதிப்பு குறைவு. பிள்ளை துப்பினாலும் நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இரும்புச் சத்துத் திரவம் 6 மாதம் முதல் 5 வயது வரை, வாரம் இரண்டு நாள், 1 மி.லி. வீதம் கொடுக்கிறார்கள். அந்த ஒரு மில்லியில் 20 மி.கி. இரும்பு இருக்கிறது. துருப்பிடித்த ஆணியை நக்கின ருசி என்று பிள்ளைகள் சொல்வது சரிதான், அது இரும்புதானே! சாப்பிட்ட பிறகு, நாக்கின் பின்பக்கமாகவோ கன்னத்திலோ விட்டு, உடனே தண்ணீர் கொடுத்தால் ருசியும் குறையும், பல்லில் கறையும் படியாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். டீயோடும் பாலோடும் கொடுத்தால் சத்து ஒட்டாது. காய்ச்சல் கண்டிருக்கும் நாளில் நிறுத்திவைத்து, தேறிய பிறகு தொடரலாம்.

குடற்புழு மாத்திரை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வருகிறது. தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 முதல் நடக்கிறது. அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரையை 1 முதல் 2 வயதுப் பிள்ளைக்குப் பாதி, அதற்கு மேல் முழுசாகக் கொடுப்பார்கள். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நன்றாகப் பொடித்து, தண்ணீரில் குழைத்துத்தான் கொடுக்க வேண்டும். முழு மாத்திரையை வாயில் போட்டால் தொண்டையில் சிக்கி மூச்சே நின்றுவிடும். இங்கே பதம் என்பது ருசி விஷயம் இல்லை, உயிர் விஷயம். பெரிய பிள்ளைகளும் மென்றுதான் விழுங்க வேண்டும்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் துத்தநாக மாத்திரை, அதாவது ஜிங்க், 14 நாள் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் ஒரு மாத்திரை, 20 மி.கி. 2 முதல் 6 மாதம் வரை பாதி. கைக்குழந்தைக்குப் பீய்ச்சிய தாய்ப்பாலில், மற்றவர்களுக்கு ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைக்கலாம். இதற்கும் ஒரு உலோக ருசி உண்டு. இரண்டு மூன்று நாளில் போக்கு நின்றுவிடும், மாத்திரையும் அதோடு நின்றுவிடுகிறது. பதினான்கு நாளும் கொடுத்தால்தான் அடுத்த சில மாதங்களுக்கு மறுபடி வராமல் தடுக்கும்.

கூடவே ஓ.ஆர்.எஸ். ஒரு பொட்டலம், ஒரு லிட்டர் தண்ணீர். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று கூடுதலாகச் சர்க்கரை போடாதீர்கள். 20.5 கிராம் பொட்டலத்தில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. குடலில் உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுக்க அந்த அளவு போதும். கூடினால் சர்க்கரை தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்கும். கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்ற பேரை ஒட்டிக்கொண்டு பழ ருசியில் அட்டைப் பெட்டி பானங்கள் விற்றன. பிள்ளைகள் விரும்பிக் குடித்தன, ஆனால் சர்க்கரை பல மடங்கு. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் தனியாளாகப் போராடினார். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் அந்தப் பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று உத்தரவு போட்டது. நீங்கள் அங்கன்வாடியில் கிடைக்கும் பொட்டலத்தையே வாங்குங்கள். உவர்ப்பாகத்தான் இருக்கும், உப்பளத்து ஊர்ப் பிள்ளைக்கு அது புதுசா என்ன? ஸ்பூன் ஸ்பூனாக, நிமிடத்துக்கு ஒன்றாகக் கொடுத்தால் குடித்துவிடும்.

உலகமும் இதை யோசிக்கிறது

பிள்ளைக்கேற்ற மருந்து செய்யுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் ஒரு இயக்கமே ஆரம்பித்தது. அதுவரை பல நோய்களுக்குப் பெரியவர் மாத்திரையை நறுக்கித்தான் கொடுத்தார்கள். 2009-ல் தண்ணீரில் கரையும் மலேரியா மாத்திரை வந்தது. ஆப்பிரிக்கப் பிள்ளைகளிடம் சில பழ ருசிகளைக் கொடுத்துப் பார்த்து, செர்ரிப் பழ ருசியைத் தேர்ந்தெடுத்தார்கள். காசநோய்க்குப் பிள்ளைகளுக்கான பழ ருசி மாத்திரை 2015 டிசம்பரில் அறிமுகமானது. ஆறு மாதம் தினமும் விழுங்க வேண்டிய மருந்து அது, ருசி சரியில்லை என்றால் எந்தப் பிள்ளை தொடரும்? நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ராபெரியும் செர்ரியும் எப்படி இருக்கும் என்றே தெரியாது. மாம்பழம், நுங்கு, பதநீர் ருசியில் யாராவது செய்தால் நன்றாக இருக்கும் என்பது எங்கள் ஆசை.

இனிப்பின் மறுபக்கம்

இத்தனை நேரம் கசப்பை எப்படி மறைப்பது என்று பேசினோம். மறைத்தால் வரும் ஆபத்தும் இருக்கிறது.

கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு இரும்பு மாத்திரை, பள்ளிப் பிள்ளைகளின் ரோஸ் மாத்திரை, நீல மாத்திரை மூன்றுக்கும் மேலே பளபளப்பான பூச்சு இருக்கிறது. இரும்பு ருசி தெரியாமல் இருக்கத்தான் அது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது ஜெம்ஸ் மிட்டாய். ஜன்னல் கட்டையில் இருக்கும் அட்டையை எடுத்துப் பிள்ளை எட்டு, பத்து மாத்திரை தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. முதலில் வாந்தியும் போக்கும் வரும், பிறகு தெளிந்த மாதிரி தெரியும். அந்தத் தெளிவை நம்பி வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் கல்லீரல் பாதிக்கும். காலி அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே 108-ல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்தை "மிட்டாய்" என்று சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான். மருந்துக்கு மருந்து என்றே பெயர் சொல்லுங்கள், கை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

1937-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி, கசப்பான கிருமி மாத்திரையைப் பிள்ளைகள் குடிக்கும்படி ராஸ்பெரிப் பழ ருசியில் சிரப்பாக்கியது. ருசி பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், நிறம் பார்த்தார்கள். விஷமா என்று பார்க்கவில்லை. மருந்தைக் கரைக்க டைஎத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தைச் சேர்த்திருந்தார்கள். அது நாக்குக்கு இனிப்பு, சிறுநீரகத்துக்கு விஷம். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் பிள்ளைகள் நிறையப் பேர்.

பழைய கதை என்று விட முடியாது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கம் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த 'கோல்ட்ரிஃப்' இருமல் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்ததில் அதே விஷம் 48.6 சதவீதம் இருந்தது. கம்பெனி உரிமம் ரத்தானது. கசந்தால் துப்பலாம் என்று பிள்ளையின் நாக்குக்குத் தெரியும். இனிப்பாக வரும் விஷத்தை அதனால் கண்டுபிடிக்க முடியாது, நம்மாலும் முடியாது. அதனால் நம் கையில் இருப்பதைச் செய்வோம். இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி சிரப் எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசு 2025 அக்டோபரில் டாக்டர்களுக்கே சொல்லியிருக்கிறது. "பிள்ளை நல்லாக் குடிக்குது" என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சிரப்பை விட்டுவிடுங்கள். சீட்டு இல்லாமல் சிரப் இல்லை, பில் இல்லாமல் மருந்து இல்லை என்று குழுத் தீர்மானமாகவே எழுதிக்கொள்ளலாம். மூச்சு வேகமாக வாங்கினாலோ, நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ சிரப்பைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டில் உள்ள ஒரு ஸ்பூனையும் ஒரு மருந்து மூடியையும் எடுத்து வாருங்கள். ஊக்குநர் அக்கா ஒரு சிரிஞ்சும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்திருப்பார். 5 மி.லி. தண்ணீரை அளந்து உங்கள் ஸ்பூனில் ஊற்றிப் பாருங்கள். யாருடைய ஸ்பூன் வழிகிறது, யாருடையது நிறையவில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி அனுப்புங்கள். சின்னப் பிள்ளை உள்ள வீட்டு ஆச்சிமாரையும் அன்றைக்குக் கூட்டி வாருங்கள். உங்கள் வீட்டில் எந்த மருந்துதான் இறங்க மாட்டேன் என்கிறது என்பதையும் பாட்டிலோடு கொண்டு வந்தால், கிராம சுகாதார செவிலியர் அக்காவை அழைத்துவந்து அங்கேயே கேட்டுவிடலாம்.